என் நாற்காலியைப் பறிக்கும் சதி பற்றி வெர்லின் அண்ணாவுக்கு

நார்ஹெய்ம், மினசோட்டா
பிப்ரவரி 11

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய வெர்லின் அண்ணாவுக்கு, தங்கை மார்லிஸ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூனையும் இன்றைய தேதி வரை உயிரோடு இருக்கிறோம். நீயும் ஆர்டிஸ் அண்ணியும் அரிசோனா வெயிலில் அரைக்கால் சட்டையோடு ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். பொறாமையை அடக்கிக்கொண்டு வேண்டுவதால் பலன் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், மன்னித்துக்கொள். இங்கே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு. எஞ்சின் உறையாமலிருக்கக் காருக்கு ராத்திரி முழுக்கக் கரண்ட் கொடுத்து வைத்தால்தான் காலையில் கண்ணைத் திறக்கிறது.

இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. போனில் சொல்ல மாட்டாயா என்று கேட்பாய். பள்ளியில் சுவருக்கெல்லாம் காது. வீட்டிலோ, பக்கத்து வீட்டில் லவோன் இருக்கிறாள், அவள் எங்கள் நிர்வாகக் குழுவில் இருக்கிறாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். விஷயம் இதுதான்: என்னைப் பள்ளித் தலைவர் பதவியிலிருந்து தூக்கப் பார்த்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன் இழுத்து மூடிய மளிகைக் கடையைப் பிடித்து, அலமாரிகளை நானே கழற்றி, மீன் நாற்றம் போகத் தரையை நானே தேய்த்து, மாநிலம் கேட்ட அத்தனை படிவத்தையும் நானே நிரப்பி உண்டாக்கிய, அரசுப் பணத்தில் ஊர்க்காரர்களே நடத்தும் சார்ட்டர் பள்ளி. அங்கிருந்து என்னையே! 'மணியடிக்காத பள்ளிக்கூடம்' என்று நீ கேலி செய்வாயே, அதே பள்ளிதான். மணியும் இல்லை, பாடவேளையும் இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு மாசக்கணக்கில் துருவுவார்கள், மார்ச்சில் ஊரைக் கூட்டி விடை சொல்வார்கள். ஒரு பிள்ளை இரண்டு வருஷமாக ஏரிப் பனிக்கட்டியின் கனத்தை அளந்துகொண்டிருக்கிறான். அதெல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது. வேண்டாதவள் நான் மட்டும்தான் போலிருந்தது.

ஜனவரிக் கூட்டத்தில் ஆரம்பித்தது. எங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கும் அமைப்பு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறதாம்: பள்ளிக்கு ஆறு வயதாகிவிட்டது, தலைவர் திடீரென்று இல்லாமல் போனால் அடுத்து யார், எப்படி என்று திட்டம் எழுதிக் கொடுங்கள் என்று. குழுத் தலைவர் டேரல் ட்வீட்டன்தான் படித்தான். உனக்குத் தெரியுமே, தானியக் கிடங்கை நடத்துகிறவன், என்னோடு ஒன்றாம் வகுப்பில் மூக்கை ஒழுகவிட்டு உட்கார்ந்திருந்தவன். படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான்.

"ஒரு பேச்சுக்குத்தான் மார்லிஸ். நாளைக்கே நீ பஸ்ல அடிபட்டுட்டேன்னு வையி, மறுநாள் காலைல கதவை யாரு திறப்பா?"

அண்ணா, நீயே யோசித்துப் பார். இந்த ஊரில் வேறு பஸ்ஸே கிடையாது. எங்கள் பள்ளிக்கு இருக்கும் ஒரே ஒரு மஞ்சள் பஸ்தான். அதை ஓட்டுகிறவன் கிளேட்டன். மாரடைப்பு என்று சொல்லியிருக்கலாம், ஏரிப் பனி உடைந்து விழுந்தாய் என்று சொல்லியிருக்கலாம், இந்த ஊரில் சாக எத்தனையோ வழி இருக்கிறது. குறிப்பாகப் பஸ் எதற்கு? மறுநாளே கிளேட்டன் பனி உருகப் பள்ளி வாசலில் உப்புத் தூவிக்கொண்டே என்னிடம் சொல்கிறான்: "பாத்து வாங்க மார்லிஸ், இங்க ரொம்ப வழுக்குது. பின்னால நீங்க நின்னா எனக்குக் கண்ணாடில தெரியவே தெரியாது." இதை அக்கறை என்று எடுத்துக்கொள்ள நான் என்ன பச்சைக் குழந்தையா? அன்றிலிருந்து நான் பின்பக்கமாக, பழைய சரக்கு இறக்கும் மேடை வழியாக, முழங்கால் பனியில் இறங்கித்தான் உள்ளே போகிறேன். இரண்டு தடவை விழுந்தேன். இரண்டு தடவையும் பஸ்ஸால் அல்ல, அது முக்கியம்.

அடுத்தது சாப்பாடு. ஒரே வாரத்தில் மூன்று பேர் எனக்கு எலுமிச்சைக் கேக் துண்டுகள் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லவோன் வாசலில் ஒரு தட்டை வைத்துவிட்டுப் போயிருந்தாள். கறியும் சூப்பும் போட்டு மேலே உருளைக்கிழங்கு உருண்டை அடுக்கிச் சுட்டது, மேலே வெள்ளித்தாள், தட்டின் அடியில் அவள் பெயர் எழுதிய ஒட்டுப்பட்டை. இந்தத் தட்டு நம் ஊரில் எந்த வீட்டுக்குப் போகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா போனபோது பதினேழு வந்தது. நான் வேலியோரமாக நின்று கூப்பிட்டுக் கேட்டேன்.

"லவோன், யாரு செத்துட்டா?"

"ஐயய்யோ, யாரும் இல்லடி. சும்மா உன் ஞாபகம் வந்துது."

"என் ஞாபகம் வர்ற அளவுக்கு நான் எங்க போயிட்டேன்?"

அவள் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. குளிர் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். நான் அந்தத் தட்டை முதலில் பூனைக்கு வைத்தேன். பூனை நன்றாக இருந்ததால் பிறகு நானும் சாப்பிட்டேன். ருசிக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.

இதற்கெல்லாம் மேலே ஒற்றர் படை. ஹோடான் வர்சாமே என்று ஒரு பெண், பதினாலு வயசு, அவள் அப்பா வான்கோழி இறைச்சி ஆலையில் மேற்பார்வையாளர். தலையில் நீல முக்காடு, கையில் அட்டை, கழுத்தில் நிறுத்துக் கடிகாரம். கூட இரண்டு பேர். நான் போகும் இடமெல்லாம் ஆறடி தள்ளி வருகிறார்கள். நான் நின்றால் நிற்கிறார்கள். நான் தும்மினால் எழுதுகிறார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் திரும்பிவிட்டேன்.

"என்னம்மா எழுதற?"

"இப்ப நீங்க நகல் எந்திரத்துல சிக்கின காகிதத்தை எடுத்தீங்க. ஏழு நிமிஷம். அதுக்கு முன்னால வாந்தி எடுத்த பையனுக்கு வாளி. மூணு நிமிஷம். காலைலேர்ந்து 'விடு, நானே பாத்துக்கறேன்'னு பத்தொன்பது தடவ சொல்லிட்டீங்க, மார்லிஸ்."

"இது யாரு உன்ன பண்ணச் சொன்னது?"

"என் திட்டம். இன்னும் வெளில சொல்லக் கூடாது."

எங்கள் பிள்ளைகள் இஷ்டத்துக்குத் திட்டம் எடுத்துவிட முடியாது. கேள்வி என்ன, ஆதாரம் எங்கிருந்து என்று படிவம் எழுதி மூன்று பெரியவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆக, மூன்று பெரியவர்கள் சேர்ந்து என்னைப் பின்தொடர ஆள் அமர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நான் இல்லாமல் இங்கே ஒரு துரும்பும் அசையாது என்று காட்டிவிடலாம் என்று முடிவு கட்டினேன். ஹீட்டர் அறைச் சாவி எப்போதும் ஆணியில் தொங்கும். அதை எடுத்து ஒளித்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை ஹீட்டர் நின்றது. எல்லாரும் என்னைத் தேடி வந்தார்கள், நானும் பெருந்தன்மையாக எழுந்து போனேன். போய்ப் பார்த்தால் சாவி எங்கே வைத்தேன் என்று எனக்கே மறந்துவிட்டது. ஐம்பத்து மூன்று பிள்ளைகள் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் குதித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பழைய கல்லாப் பெட்டிக்குள்ளிருந்து ஹோடான்தான் எடுத்துக் கொடுத்தாள். அவள் அட்டையை நான் எட்டிப் பார்த்தேன். 'பிப்ரவரி 4, பத்து இருபது: மார்லிஸ் தன்னிடமிருந்தே சாவியை ஒளித்தார். காரணம் தெரியவில்லை' என்று எழுதியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் போன பிறகு பழைய கடையின் இறைச்சிப் பகுதிக்குள் நுழைந்தேன். அதுதான் திட்ட அறை. 'புதிய பன்றித் துண்டுகள்' என்று சுவரில் எழுதியிருந்ததை இன்னும் யாரும் அழிக்கவில்லை. மூலையில் ஒரு பெரிய பலகையைப் போர்வை போட்டு மூடி வைத்திருந்தார்கள். தூக்கினேன். மேலே கொட்டை எழுத்தில்: 'மார்லிஸ் போன பிறகு இந்தப் பள்ளியை யார் நடத்துவது?' கீழே மஞ்சள் சீட்டுகள், நூற்று நாற்பத்தாறு. ஒவ்வொன்றிலும் நான் செய்யும் ஒரு வேலை, பக்கத்தில் இனிமேல் அதைச் செய்யப்போகிறவர் பெயர். வலது ஓரத்தில் அனுமதிப் படிவம். மூன்று கையெழுத்து. டேரல், லவோன். மூன்றாவது நான்.

ஆமாம் அண்ணா, நானேதான். ஒரு நாளைக்கு நாற்பது படிவம் நீட்டுகிறார்கள், யார் படிக்கிறார்கள்? போர்வையைப் பிடித்தபடியே நின்றேன். கதவருகே ஹோடான். கையுறையை மறந்துவிட்டாளாம்.

"நான் போறேன்னு உனக்கு யாரும்மா சொன்னா?"

"நீங்கதான்." அவளுக்கு ஆச்சரியம். "நவம்பர் கூட்டக் குறிப்புல இருக்கே. எல்லாரும் பாக்கட்டும்னு வலைத்தளத்துல போட்டிருக்கு. டிசம்பர்ல அந்தக் குறிப்புக்குக் கீழ நீங்க கையெழுத்தும் போட்டிருக்கீங்க. அந்த ஆதாரம் இல்லாம என் திட்டத்தை ஏத்துக்கிட்டிருக்க மாட்டாங்க."

பலகையில் அதையும் ஒட்டியிருந்தாள். 'மேலும் மூன்று ஆண்டுகள் தலைவராகத் தொடர விருப்பமா என்று கேட்கப்பட்டது. மார்லிஸ் ஹாகன், வேண்டாம், என்னைவிட நல்லவங்களாப் பாருங்க என்று மறுத்தார். குழு ஆழ்ந்த வருத்தத்துடன் ஏற்றது.'

அட கடவுளே, வேறு என்ன சொல்லியிருப்பேன்! காபி வேண்டுமா என்று கேட்டதும் 'கொடு' என்று சொன்ன ஒரு நார்ஹெய்ம்காரரைக் காட்டு பார்க்கலாம். முதல் தடவை 'எனக்காக எதுக்கு'. இரண்டாம் தடவை 'இப்பத்தான் குடிச்சேன்'. மூன்றாம் தடவைதானே 'சரி, ஊத்தறதா இருந்தா அரைக் கோப்பை'? டேரல் முதல் தடவை கேட்டான், நான் முறைப்படி மறுத்தேன், அதற்குள் பனிப்புயல் என்று கிளேட்டன் வந்து நிற்க, எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு கலைந்தோம். மீதி இரண்டு தடவை அடுத்த கூட்டத்தில் கேட்பார்கள் என்று நான் காத்திருந்தேன். கேட்கவே இல்லை. என் சந்தேகத்துக்கெல்லாம் விதை அங்கேதான் விழுந்தது. அந்தக் குறிப்பை எழுதியது யார் தெரியுமா? ஜினா ஃபுஸ்கோ. மாட்டு டாக்டரைக் கட்டிக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்து போன வருஷம் வந்தவள், குழுச் செயலாளர். அவள் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாமாம்!

நேரே டேரல் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

"நான் நெசமா சொல்லலன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப ஏன்டா திருத்தல?"

"ஜினா எழுதிட்டா. அடிச்சுடுன்னு சொன்னா அவ மனசு என்ன பாடுபடும்? புது ஊரு, புது இடம்." தலையைச் சொறிந்தான். "நீயா ஒரு வார்த்த சொல்லுவேன்னு பாத்தோம். நீயும் சொல்லல. சரி, நெசமாத்தான் போறா போலன்னு லவோன் அழுதா. அதான் அந்தத் தட்டு."

நேற்று அவசரக் கூட்டம். ஜினா தலையில் கை வைத்துக்கொண்டாள். "வேணும்னா வேணும்னு சொல்லித் தொலைங்களேன்! மூணு மாசமா ஒரு ஊரே வாயை மூடிக்கிட்டு இருக்குமா?" என்று கத்தினாள். இந்த ஊர்க் கூட்டத்தில் ஒருத்தர் கத்தியது அதுதான் முதல் தடவை. எல்லாரும் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு டேரல் முறையாக மூன்று தடவை கேட்டான், மூன்றாம் தடவை நான் தலையாட்டினேன். மார்ச் முதல் தேதிக் கூட்டத்தில் ஒப்பந்தம் கையெழுத்தாகும். ஆக, நாற்காலி என்னுடையதுதான். பஸ் பக்கம் மட்டும் இன்னும் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல். இரண்டு பேரும் நூறு வயசு இருங்கள், இடுப்பு வலி இல்லாமல் இருங்கள், ஏப்ரலில் பனி உருகியதும் நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
இன்னும் பதவியில் இருக்கும் உன் தங்கை
மார்லிஸ்

பின்குறிப்பு, மார்ச் 2: தபால்தலை தீர்ந்துபோய்க் கடிதம் இங்கேயே கிடந்தது. நல்லவேளையா, கெட்டவேளையா தெரியவில்லை. நான் தங்கிவிட்டதால் ஹோடானின் திட்டம் பாழ். பாவம், அழாமல் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஒரு நாள் மட்டும் நீங்க எதையும் தொடாம இருங்க, என் பட்டியல் சரியான்னு பாத்துக்கறேன்." சரி என்று இறைச்சிப் பகுதியில் உட்கார்ந்தேன். அன்றைக்குக் குழாய் உறைந்து வெடித்தது, மாநிலத்திலிருந்து ஆய்வாளர் வந்தார், யாரோ மறுபடி வாந்தி எடுத்தார்கள். என்னை ஒருத்தரும் கூப்பிடவில்லை. எல்லாம் நடந்தது. முதல் ஒரு மணி நேரம் யாராவது கூப்பிடுவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பனிக்கட்டியை அளக்கும் அந்தப் பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அளவெல்லாம் காட்டி, அவன் தாத்தா எந்த இடத்தில் பனி உடைந்து உள்ளே போனார் என்று சொன்னான். மதியச் சாப்பாடு தாண்டியும் சொன்னான். ஆறு வருஷத்தில் ஒரு பிள்ளை பேசி முடிக்கும் வரை நான் உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. இதற்காகத்தானே இந்தக் கடையைப் பிடித்தேன், அண்ணா? வீட்டுக்கு வந்து அழுதேன். நாற்காலி வேண்டாம், அந்த அறையில் ஒரு ஸ்டூல் போதும் என்று தீர்மானித்தேன்.

நேற்றுக் கூட்டத்தில் டேரல் ஒப்பந்தத்தை நீட்டினான். வேண்டாம் என்றேன். அவன் மறுபடி கேட்டான், வேண்டாம் என்றேன். மூன்றாவதாகக் கேட்டான், நெஞ்சைத் தொட்டு, சத்தியமாக வேண்டாம் என்றேன். ஜினா ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். மூன்றானதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "இப்ப எனக்கும் உங்க ஊர் வழக்கம் புரிஞ்சிடுச்சு" என்று சொல்லி, 'ஒருமனதாகச் சம்மதித்தார்' என்று எழுதிவிட்டாள். டேரலுக்கும் லவோனுக்கும் மூன்றாவது 'வேண்டாம்' நிஜம் என்று தெரியும். தெரிந்தும், அவள் அவ்வளவு சந்தோஷமாக எழுதியதை அடிக்க மனசு வராமல் கைதட்டினார்கள். ஜினாவுக்கு நிஜமாகவே புரியவில்லையா, புரிந்துதான் செய்தாளா என்று எனக்குப் பலத்த சந்தேகம். அது கிடக்கட்டும். நீ மூத்தவன், நீ சொல்: இந்த ஊரில் ஒரு மனுஷிக்கு உண்மையாகவே வேண்டாம் என்றால், அதை எந்த வார்த்தையில் சொல்வது?