லைசென்ஸ் பக்தர்

குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபடுகிறவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. பிடிபட்ட மறுநாளே இவர் சாதுவாகிவிடுவார். மானம் போனாலும் தாங்குவார், வேலை போனாலும் தாங்குவார். லைசென்ஸ் போனால் மட்டும் தாங்கமாட்டார். இவரை லைசென்ஸ் பக்தர் என்று அழைப்போம். எங்கள் தேஜோன் நகரில் இந்த ரகத்துக்குப் பஞ்சமே இல்லை.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத் தலைவர் பியோ சாங்உக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பல் மருத்துவச் சாமான்கள் விற்கும் கம்பெனியில் மேனேஜர். அலுவலக விருந்தில் வயிறு முட்ட சோஜு குடித்தார். ஊர் வழக்கப்படி, தன் காரை ஓட்டிவரக் கூலிக்கு ஒரு ஓட்டுநரை அழைத்தார். பின் இருக்கையில் மகாராஜாவாகச் சாய்ந்து குடியிருப்புத் தெருமுனைவரை வந்தார். அங்கேதான் ரோஷம் வந்தது.

"எங்க வீட்டுக்கு எனக்கே வழி சொல்றியா? இறங்குப்பா, மிச்சத்த நானே பாத்துக்கறேன்."

மிச்சம் ஒரு கூப்பிடு தூரம். அதற்குள் வாசல் தடுப்புக் கம்பியை முறித்துவிட்டார். காவலாளி குவாக் எகிறிக் குதித்ததால் பிழைத்தார். போலீஸ் வந்து ஊதச் சொன்னது. லைசென்ஸ் ரத்து.

மேல்முறையீடு செய்யலாம், ஆனால் மனம் திருந்தியதைக் காட்ட வேண்டும் என்றார்கள். காட்டத்தானே வேண்டும்? ரத்ததானம் செய்யப் போனார். "நேத்தும் குடிச்சிருக்கீங்களே சார்" என்று நர்ஸ் திருப்பி அனுப்பினாள். ஏழை வீடுகளுக்குக் குளிர்காலக் கரிக்கட்டி சுமக்கும் தொண்டில் சேர்ந்து, விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டார். மனைவி மிஹ்யாங்குக்குச் சந்தேகம்.

"ஏங்க, ரெண்டே கட்டிதானே தூக்குனீங்க, மூஞ்சி பூரா எப்படிக் கரி?"

"அதிகாரிங்க பாக்கப்போறது மூஞ்சியத்தாண்டி. நானே பூசிக்கிட்டேன்."

வெட்கம் என்று ஒன்று இருந்தால் இங்கே நின்றிருக்கும். நிற்கவில்லை. இவர் நல்ல மனிதர் என்று அக்கம்பக்கத்தாரும் எழுதித் தர வேண்டுமாம். முதலில் யாரிடம் போனார் தெரியுமா? குவாக்கிடம்.

"பெரியவரே, ஒரு கையெழுத்து."

"தலைவரே, கம்பி முறிஞ்ச சத்தம் இன்னும் காதுல கேக்குதுங்க."

"இருக்கட்டும். அடுத்த மாசம் உங்க வேலைய நீட்டிக்கிறதப் பத்திச் சங்கத்துல பேசணுமே, ஞாபகம் இருக்கா?"

பெரியவர் கையெழுத்துப் போட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அதிகாரிகளுக்கு மனம் இளகியது. வண்டி இல்லாவிட்டால் இவர் பிழைப்பே போய்விடும் என்று நம்பி, ரத்தைச் சில மாத நிறுத்தமாகக் குறைத்தார்கள்.

அதற்கு ஒரு விருந்து. சோஜுவும் வாட்டிய பன்றிக்கறியும் தீரத் தீர வந்தன. இத்தனை பட்டு என்ன கற்றுக்கொண்டார் என்று கேட்டோம்.

"தெருமுனைல டிரைவர இறக்கினதுதான் தப்பு. வாசலுக்குள்ள வந்தப்புறம் அவன இறக்கிவிட்டிருந்தா சட்டப்படி அது ரோடே இல்லையாம். அபராதம்தான் போட்டிருப்பாங்க. லைசென்ஸ தொட்டிருக்கவே முடியாது."

மேசையே கைதட்டியது. நீங்கள் கைதட்டவில்லை, அறிவேன், நீங்கள் யோக்கியர். குவாக்குக்காக வருத்தம்கூடப் பட்டிருப்பீர்கள். ஆனால் வாசலுக்கு உள்ளே, வெளியே என்ற அந்த நுணுக்கத்தை மட்டும் மனதுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டீர்களே, அது எதற்கு?