யாரைக் கூப்பிட்டான் ஜோஷ்வா?

"யாருயா அவ?"

நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஜோஷ்வா, ஒரு ஷூவைக் கழற்றி, இன்னொன்றைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். எதிரே மனைவி சோனியா, கையில் செல்போன். போனுக்குள்ளும் ஜோஷ்வாதான் இருந்தான். அங்கே பாடிக்கொண்டிருந்தான்.

'வாசல் வரிக்கும் வந்துட்டு ஏன் திரும்பிப் போற?
எல்லார் ஊட்லயும் இருக்கிற, என் ஊட்டுக்கு வர்றதுக்கு இன்னா?'

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் அவனுக்குக் காண்ட்ராக்ட் வேலை. பாட்டு அவனே கட்டியது. கூட வேலை செய்யும் லோகு அதைப் படம் பிடித்து, முந்தாநாள் யூடியூபில் ஏற்றியிருந்தான். மூன்று நிமிடம். யூனிபாரம் போட்ட ஜோஷ்வா தண்டவாளத்தோரம் நடப்பான். விரித்த பாயும் ஒரு தலையணையும் வரும். மறுபடி நடப்பான். அவ்வளவுதான்.

"பாயை விரிச்சி வெச்சிக்கினு யாரைக் கூப்டுற?"

"சோனி, அது வந்து..."

"தெரியும். கேண்டீன்ல கீறாளே கிறிஸ்டினா, அவதான?"

அவன் வாயெடுப்பதற்குள் சோனியா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களோடு பேசத் தொடங்கிவிட்டாள். அடுப்படி வரை போய் வாதாட அவனுக்குத் தெம்பில்லை. லோகுவுக்குப் போன் போட்டான்.

"பாட்டுக்குக் கீழ ஒரு வரி போடுடா. சோனியாவை நெனச்சிப் பாடினதுன்னு."

லோகு கொஞ்சம் தமிழ் படித்தவன். அழகாகவே போட்டான்: 'என் மனைவி சோனியாவின் நினைவாக.'

பதினொரு மணிக்கு, பக்கத்து ஆரணியிலிருந்து பஸ் பிடித்து வந்த சோனியாவின் பெரியம்மா மணியம்மாள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ரோஜா மாலை, கக்கத்தில் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை. ஒப்பாரி தெருமுனையிலேயே தொடங்கியிருந்தது.

கதவைத் திறந்தது சோனியா.

மணியம்மாள் மாலையோடு அப்படியே சரிந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியதும் அவள் கேட்ட முதல் கேள்வி ஜோஷ்வாவிடம்தான்.

"உசுரோட கீறவளுக்கு நினைவாகன்னு போட்டா நாங்க இன்னான்னு நெனக்கிறது மாப்ள? பாயை வேற காலியாக் காட்டிக்கினு!"

"பெரீம்மா, அந்தப் பாயி..."

"பேசாதீங்க. பஸ்ஸு பூரா அழுதுக்கினு வந்தேன்."

சோனியா புடவையைப் பிரித்துப் பார்த்தாள். "கலரு நல்லாத்தான் கீது. கட்டத்தான் முடியாது," என்று சொல்லிவிட்டு, கணவனைப் பார்த்த பார்வையில் அவன் மறுபடி போனை எடுத்தான்.

"லோகு, அந்த வரியைத் தூக்குடா. ஊட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, வேலை செய்யிறவங்க எல்லாருக்கும்னு போடு."

லோகு போட்டான்: 'தொழிலாளர் அனைவருக்குமான பாடல்.'

ஒரு மணிக்கு ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. போய் நின்றவனிடம் எச்.ஆர். நர்மதா மேடம் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார்.

"எல்லார் வீட்லயும் இருக்கு, உங்க வீட்டுக்கு மட்டும் வரலை. பர்மனென்ட் ஆர்டர்தானே? வாசல் வரைக்கும் வந்து திரும்பிடுச்சாம். போன வருஷம் நாங்க நிறுத்தி வெச்சதைக் குத்திக் காட்டறீங்க. பாய் எதுக்கு? கேட் முன்னாடி உக்காரவா?"

"இல்ல மேடம், அது..." என்று தொடங்கியவனுக்கு நீளமாக ஒரு கொட்டாவி வந்தது. அடக்கப் பார்த்தான். இன்னும் பெரிதாக வந்தது.

"என் மூஞ்சிக்கு நேரா கொட்டாவியா? இன்னிக்கே எழுத்துல விளக்கம் தரணும். இல்லன்னா நாளைக்கு கேட் பாஸ் கிடையாது."

வெளியே வந்ததும் யூனியன் விமல் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"எச்.ஆர். எதிர்ல வாயைத் தொறந்த மொத ஆளு நீதான் தோழா! நாளைக்கு தர்ணாவுல உன் பாட்டுதான், மைக் செட் சொல்லியாச்சி."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்கும் கொட்டாவிதான் வந்தது. விமல் கை தட்டினான்.

ஜோஷ்வா கேட்டோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து, வெள்ளைத் தாளை மடியில் வைத்துக்கொண்டான். 'மேடம் அவர்களுக்கு, நான் கூப்பிட்டது' என்று எழுதினான். அதற்கு மேல் பேனா நகரவில்லை. எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. காலையிலிருந்து ஆளுக்கொன்று சொல்லிச் சொல்லி, யாரைத்தான் கூப்பிட்டோம் என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். கேட் செக்யூரிட்டி ஆதிகேசவன். ஊத்துக்கோட்டைக்காரர், பகலில் இந்த கேட், ராத்திரியில் வேறொரு குடோன் என்று இரண்டு டூட்டி பார்ப்பவர்.

"நைனா, உன் பாட்டைக் கேட்டேன்."

ஜோஷ்வா நிமிரக்கூட இல்லை. "நீயுமாண்ணே? சரி, நீயும் ஒரு அர்த்தம் சொல்லிட்டுப் போ."

"அர்த்தமெல்லாம் இன்னா நைனா. நீ கூப்ட்ட தூக்கம் உனுக்கு வந்துச்சோ இல்லியோ, எனுக்கு ரெண்டாவது வரியிலயே வந்துடுச்சி."