‘ஓடலாம்’ என்று நான் சொன்னது நடிப்பல்ல

மதிப்புக்குரிய ஞாயிறு இணைப்பு ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பத்தோரு ஆண்டுகள் லிஃப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் சுகம். தாங்களும் தங்கள் அலுவலக லிஃப்டும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உள்ளே சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

சென்ற ஞாயிறு தங்கள் விமர்சகர் ‘மின்னல்ராணி’ படத்தைப் பற்றி எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பிரபல பாடகியின் வாழ்க்கையைச் சொல்லும் ஆவணப்படம் மாதிரி வேஷம் போட்ட கேலிப்படம் அது என்பது அவருக்கு முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டதாம். எனக்கு அவர் எழுதியதைப் படித்துத்தான் தெரியும். இத்தனைக்கும் படத்தில் பாடகியாக வருவது என் மகள், அப்பாவாக வருவது நான். எடுத்தவன் என் மைத்துனர் மகன். அவன் என்னிடம், “ஆவணப்படம் மாமா, நீங்க நீங்களாவே இருங்க, போதும்” என்றான். மகளிடம், “மாமாவுக்கு எல்லாம் தெரியும், பிரமாதமா நடிக்கிறார்” என்றிருக்கிறான். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு நடுவில் அவன் படம் எடுத்திருக்கிறான்.

படப்பிடிப்புக்குப் போனால் ஒரு கூட்டம் என் மகள் படம் போட்ட சட்டையோடு நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறது, ஒரு பெண் மயங்கியே விழுந்தாள், நான் ஆடிப்போய் வீட்டுக்கு வந்து, நம்ம பொண்ணு இவ்வளவு பெரிய ஆளாயிட்டாளா, எங்கிட்ட ஏன் யாருமே சொல்லலை என்று மனைவியிடம் கேட்டேன். “உங்களுக்கு எதுதான் தெரிஞ்சிருக்கு” என்று அவள் பாட்டுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் மேடைக்கு அடியிலிருந்து பாடகியைத் தூக்கிவிடும் லிஃப்டைப் பார்த்தேன். என் மகள் ஏறி நிற்கிறாள், புகை வருகிறது, தலை மட்டும் மேடைக்கு மேலே வந்ததும் லிஃப்ட் நின்றுவிட்டது, அவளும் கழுத்தளவில் நின்றபடியே பாடுகிறாள். நான் கீழே போய்ப் பார்த்தேன். கம்பி நைந்திருந்தது. மகளை இறங்கச் சொல்லி, பழைய பையில் வைத்திருந்த ‘ஓடக்கூடாது’ என்ற சிவப்பு அட்டையை மாட்டி, அங்கிருந்த அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தி அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அதையும் எடுத்துப் படத்தில் வைத்துவிட்டான்.

தங்கள் விமர்சகர் இதைப் பற்றி என்ன எழுதுகிறார் தெரியுமா? மகளின் உயர்வைத் தடுக்கும் தந்தையர் உலகத்தின் குறியீடு அந்தச் சிவப்பு அட்டையாம். ஐயா, அது குறியீடு இல்லை, கம்பி நைந்திருந்தது. ‘இப்படி ஓர் அப்பா எந்த வீட்டிலும் இருக்க முடியாது, ஆயினும் நடிகர் நம்ப வைக்கிறார்’ என்றும் எழுதியிருக்கிறார். இருக்க முடியாத நான் இதோ உட்கார்ந்து தங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். திரையரங்கில் நான் வந்தபோதெல்லாம் சனங்கள் விழுந்து விழுந்து சிரித்ததை மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தேன். இப்போது புரிகிறது. போகட்டும், இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது கடைசிக் காட்சியைப் பற்றி எழுதியதுதான். அதில் மைத்துனர் மகன், பொண்ணோட பாட்டு எப்படி மாமா என்று கேட்கிறான். எங்கள் வேலையில் மதிப்பெண் கிடையாது. ‘ஓடலாம்’ அல்லது ‘ஓடக்கூடாது’, அவ்வளவுதான். மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டுப் பாடப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று ‘ஓடக்கூடாது’ என்றேன். அதற்கப்புறம் ஆறு வருஷமாக அவளோடு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கேமராவைப் பார்த்து, “ஓடலாம். அவ ரூம்ல பாடறப்ப வெளிய நின்னு தினமும் கேக்கறேன். அவளுக்குத் தெரியாது” என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தங்கள் விமர்சகர், ‘படத்தின் ஒரே பொய்யான காட்சி, கிளிசரின் கண்ணீர்’ என்று எழுதிவிட்டார்.

விமர்சனம் வந்த அன்று காலை என் மகள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “கடைசி சீன்ல நல்லா நடிச்சீங்கப்பா” என்று சொல்லிவிட்டுப் போனாள். அது நடிப்பில்லை என்று அவளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதுதானே என்கிறாள் மனைவி. நான் சொன்னால் அதுவும் நடிப்பு என்றுதானே நினைப்பாள்? தங்கள் பத்திரிகையில் வந்ததை நம்பியவள், தங்கள் பத்திரிகையில் வந்தால்தான் நம்புவாள். எனவே, அப்பாவாக வந்தவருக்கு நடிக்கவே தெரியாது என்றும், கடைசிக் காட்சியில் சொன்னது மனதாரச் சொன்னது என்றும், வரும் ஞாயிறு கண்ணில் படும் இடத்தில் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்களுக்கும், கோபம் தணிந்தபின் தங்கள் விமர்சகருக்கும், என் ஆசிகள். இருவரும் நெடுங்காலம் ஏறி இறங்கி நலமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நடிக்காதவன்

பி.கு.: கையெழுத்துக் கடிதங்களை இப்போது வாங்குவதில்லை, மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும் என்று தங்கள் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தட்டச்சு தெரியாது. வேறு வழியில்லாமல் மகளிடமே கொடுத்தேன். கடைசிக் காட்சி வரைக்கும் சிரித்துக்கொண்டே அடித்தவள், அங்கே வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. “கிளிசரினா?” என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “லெட்டர் ஓடலாம்ப்பா” என்றாள்.

ஆகவே திருத்தம் வேண்டாம். தவிர, சிறந்த துணை நடிகர் விருதுக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாக ஒரு படவிழாவிலிருந்து இப்போதுதான் பேசினார்கள். நான் நடிக்கவில்லை என்று வெளியே தெரிந்தால் சிக்கல். தங்கள் விமர்சகர் எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி. கம்பி நைந்திருந்த விஷயத்தை மட்டும் தயவுசெய்து பிரசுரிக்கவும். அந்த மேடையில் அடுத்த வாரம் வேறு யாரோ பாடுகிறார்களாம்.