செங்கல்லுக்கு நான் சொன்ன விளக்கம்

கவிதைக்குள் இல்லாத அர்த்தத்தையும் பிடித்திழுத்து வெளியே போடுவேன் என்று ஒரு காலத்தில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. கல்முனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில், பதினோராம் வகுப்புப் பையன்கள் முப்பது பேர் முன்னால் அது இறங்கியது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நான் சொல்லாவிட்டால் மனைவி சொல்லிவிடுவாள் (அது இன்னும் மோசம்).

அன்று எனக்கு மாதிரிப் பாடம். ஆசிரிய ஆலோசகர் குறிப்புப் புத்தகத்தோடு கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்துப்போனால் மற்றப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் நான் வகுப்பெடுக்கலாம். அந்த ஆசையில் 'ஆணிடம் சமூகம் எதிர்பார்ப்பவை' என்று தலைப்புப் போட்டு, கவிதையையும் நானே எழுதிக்கொண்டு போயிருந்தேன். (கவிஞர் யாரென்று கேட்டால் 'அறியப்படாதவர்' என்று சொல்ல இருந்தேன். அது பொய்யுமல்ல.)

"ஆண்பிள்ளை என்றார்கள். அழுகையைப் பறித்தார்கள். கையில் ஒரு செங்கல்லைத் தந்தார்கள்."

"செங்கல் எதன் குறியீடு?" என்று கேட்டேன். சூளையில் வெந்து இறுகிப்போன ஆண் மனம் என்பது நான் தயாரித்து வைத்திருந்த விடை. வகுப்பில் வாயே திறக்காத ரிஸ்வான் எழும்பினான்.

"செங்கல்தான் சேர்."

"அது தெரியும். எதைக் குறிக்குது?"

"ஒண்டையும் குறிக்கல்ல சேர். ராத்தாட வூட்டுக்குரிய கல்லு. மூத்த ராத்தாட வூடு கட்ட எங்கட காக்கா படிப்ப உட்டுட்டுக் கட்டாருக்குப் போனாரு. மத்த ரெண்டு ராத்தாக்கும் இனி நான்தான்."

(ராத்தா என்றால் அக்கா, காக்கா என்றால் அண்ணன்.) எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அங்கே போய்க் குடியேறுவான். நான் போட்ட தலைப்புக்கு இதைவிட நல்ல விடை ஏது? நானோ ஆலோசகரைப் பார்த்தபடி, "பிழை. இரி. ஆழமா யோசிக்கணும்" என்றேன்.

அவன் உட்காரவில்லை. "அப்ப உங்கட வூட்ட ஆரு சேர் கட்டின?"

கேலியில்லை, உண்மையாகத்தான் கேட்டான். என் வீட்டைக் கட்டியவர் மனைவியின் காக்கா, என் மச்சான். பத்தொன்பது வயதில் கட்டாருக்கு வேலைக்குப் போனவர். நான் ஒரு பெட்டியோடு வந்து குடியேறியவன். ஊருக்கே தெரிந்த விஷயம். வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

"பொம்புள மாதிரி வாய் காட்டாம ஆம்புளப் புள்ளயா இரிடா!" என்று கத்தினேன்.

கரும்பலகையில் என் தலைப்பு இன்னும் இருந்தது. ரிஸ்வான் குனிந்து உட்கார்ந்தான். கண் கலங்கியிருந்தது, துடைக்கவும் பயந்தான். ஆலோசகர் போகும்போது, "கவிதை நல்லம். நீங்களும் ஒருக்கா வாசிங்க" என்றார். அதற்குப் பிறகு என்னை எங்கும் வகுப்பெடுக்க அழைக்கவில்லை.

மறுநாள் அதே வகுப்பில் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சேர்" என்றான். அவன் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

இன்றைக்கும் காய்ச்சலில் முனகினால் மனைவி, "ஆம்புளப் புள்ளயா இரிங்க சேர்" என்பாள். மச்சான் லீவில் வந்த பெருநாளில் அவருக்கும் நடித்துக் காட்டினாள். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என்னிடம், "பொடியனுக்கு இன்னும் எத்தின ராத்தா?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"எனக்கும் ரெண்டு தங்கச்சிதான். அவன நான் போன மாதிரிப் போக உட்டுராதீங்க மச்சான்."

ரிஸ்வானின் வீட்டுக்கு இரண்டு முறை போய்க் கதைத்தேன். அவன் வாப்பா தேத்தண்ணி தந்தார், "ஓம் சேர், ஓம் சேர்" என்றார். பதினெட்டு முடிந்ததும் பையன் கட்டாருக்குப் போய்விட்டான்.

கல்யாண வீடுகளில் இந்தக் கதை இப்போதும் ஆலோசகர் சொன்னதோடு முடிகிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். ரிஸ்வான் போனதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நானும் இதுவரை சொன்னதில்லை.