சின்னக்கானலின் ஒரே புகைவண்டி

இடுக்கி மாவட்டத்தில் ரயில் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். நம்பாதீர்கள். சின்னக்கானலில் ஒரு புகைவண்டி உண்டு. ஐந்தடி உயரம், முன்வழுக்கை, காக்கி பேண்ட், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர். அவர் வருவதற்குச் சற்று முன்னால் அவருடைய வாசனை வந்துவிடும். டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் பெட்ரோலும் கலந்து எரிந்த நீலப் புகையின் வாசனை. ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அங்கே ஒரு ரிசார்ட்டின் வரவேற்பு மேசையில் நான் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். எனக்குச் சொந்த ஊர் பாலக்காடு மாவட்டத்தில் கொல்லங்கோடு பக்கம். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவதால் என் பெயர் 'பாலக்காடு' என்றாகிவிட்டது. புகைவண்டிக்கு வேலை, விருந்தினர்களை ஏ.டி.வி.யில் ஏற்றிவிடுவது. ஏ.டி.வி. என்பது நான்கு கொழுத்த சக்கரமும் பைக்கின் ஹேண்டில்பாரும் கொண்ட வண்டி. ஜீப்புக்கும் பைக்குக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். சேறு, மேடு, பாறை எதிலும் போகும்.

வண்டியில் ஏற்றும் முன் பாதுகாப்பு விளக்கம் சொல்லவேண்டும் என்பது விதி. புகைவண்டியின் விளக்கம் சுருக்கமானது.

"இது பிரேக்கு. இது ஆக்சிலேட்டர். ரெண்டும் மறந்துபோச்சுன்னா, இந்தா, இப்படி விழணும்."

சொல்லிவிட்டுப் புல்லில் பக்கவாட்டில் சாய்ந்து உருண்டு காட்டுவார். பெங்களூரிலிருந்து வந்த ஒரு கம்பெனிக் கோஷ்டி, வீடியோ சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்ப விழச் சொன்னது. ஒவ்வொரு முறையும் அதே சிரத்தையோடு விழுந்தார்.

அவருடைய சட்டைப் பையில் பேனா இருக்காது, ஸ்பார்க் பிளக் இருக்கும். கார் நிறுத்துமிடத்தில் புது வண்டி எதுவும் வந்து நின்றால் அதன் சைலன்சர் பக்கம் குனிந்து, தீபாராதனையை ஒற்றிக்கொள்வது போல இரண்டு கையாலும் புகையை வாங்கி முகத்தில் ஒற்றிக்கொள்வார். பிறகு உதட்டைப் பிதுக்குவார். "ஃபோர்-ஸ்ட்ரோக்கு. வாசனையே இல்ல."

ஃபோர்-ஸ்ட்ரோக் மேல் அவருக்கு அப்படி ஒரு இளக்காரம். "ஏ பாலக்காடு, ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் நம்ம மேனேஜர் மாதிரி. ஒரு சுத்து சும்மா சுத்திட்டு வந்து அடுத்த சுத்துலதான் வேலை பாக்கும். டூ-ஸ்ட்ரோக் நம்மள மாதிரி. ஒவ்வொரு சுத்துக்கும் வேலை. மூச்சு விட நேரம் கிடையாது. அதான் புகை வருது."

இப்படிப்பட்டவர் நெஞ்சில் இடி விழுந்தது போல, நிர்வாகம் புதிதாக ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளை வாங்கிவிட்டது. மிச்சமிருந்த ஒரே டூ-ஸ்ட்ரோக் ஏ.டி.வி. துணி துவைக்கும் இடத்துக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. புகைவண்டி நேராக மேனேஜரிடம் போய் அதைக் கேட்டார். மேனேஜர் கோட்டயத்துக்காரர், தங்கமான மனிதர்.

"சேட்டா, இந்தச் சாதனத்தைக் கொண்டு போயிட்டு எந்து செய்யானா?"

"எம் பொண்டாட்டிய ஏத்திட்டுப் போறதுக்கு சார்."

அலுவலகமே சிரித்தது. நானும்தான். அவர் சிரிக்கவில்லை. மேனேஜர் தலையசைத்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோதுதான் தெரிந்தது. அவர் வீடு எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பள்ளத்தின் அடியில் இருந்தது. மேலே ரோட்டோரத்தில் கொழுந்து எடை போடும் கொட்டகை. இரண்டுக்கும் நடுவே தேயிலைச் செடிகளுக்குள் ஏறும் செங்குத்தான மண்பாதை, ஜீப் நுழையாது. அவர் மனைவி செல்லத்தாயி அக்கா பல வருடம் அந்தப் பாதையில் கூடையோடு ஏறி இறங்கியவர். மழையில் ஒருநாள் சறுக்கி விழுந்ததில் முழங்கால் போய்விட்டது. வீட்டுக்குள் நடக்கலாம், மேடு மட்டும் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேலை போனதைப் பற்றி அக்கா அதிகம் பேசவில்லை. கொட்டகை போனதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மத்தியானம் எடை போட்டு முடிந்ததும் பெண்கள் எல்லாரும் அங்கேதான் தூக்குவாளியைத் திறப்பார்கள். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், ஆனை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, எவள் குழம்பில் உப்பு கூட எல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். அந்தச் சபைக்கு அக்காதான் தலைவி.

"இப்ப எல்லாம் ஆறிப்போய்த்தான் என்கிட்ட வருது தம்பி. ராத்திரி வந்து சொல்றாளுக, அதுவும் பாதிய முழுங்கிட்டு" என்றார் எனக்கு மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே.

புகைவண்டி குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முதல் பயணத்தை லயமே கூடி நின்று பார்த்தது. ஆள் ஒருவராக ஏறும்போது ஓடிய வண்டி, அக்கா பின்னால் உட்கார்ந்ததும் மேட்டின் பாதியில் இருமி, முனகி, நின்றுவிட்டது.

"ஏன்யா, நான் இறங்கித் தள்ளட்டா?" என்றார் அக்கா.

"நீ பேசாம இரு. அதுக்கு மூச்சு வாங்குது."

"எனக்கும் மூச்சு வாங்குது. என்னைய யாரும் ரிப்பேர் பாக்கக் காணோம்."

அன்றைக்கே இன்ஜினைக் கழற்றிவிட்டார். சிலிண்டரைப் போர் செய்து பெரிதாக்குவது என்று முடிவு. உள்சுவரைக் கடைந்து கொஞ்சம் அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட்டால் இழுவை கூடும். அதற்குப் போடியில் ஒரு லேத் பட்டறை இருந்தது. என் விடுமுறை நாளில் நானும் கூடப் போனேன். பஸ்ஸில் சிலிண்டரைப் பழைய சேலைத் துணியில் சுற்றி மடியில் அணைத்து வைத்திருந்தார். போடிமெட்டு வளைவுகளில் பஸ் ஆடும்போதெல்லாம் ஒரு கை தானாக அதைத் தட்டிக்கொடுத்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்:

"துணிய முகத்துலேருந்து எடுங்கண்ணே, பிள்ளைக்கு மூச்சு முட்டப் போகுது."

புகைவண்டி துணியை விலக்கி, எண்ணெய் வழியும் சிலிண்டரைக் காட்டினார். "இதுக்கு ஒரு ஜன்னல் வழியா மூச்சு உள்ள வரும், இன்னொண்ணு வழியா வெளிய போகும்க்கா. முட்டாது."

அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்தில் இடம் மாறி உட்கார்ந்தார்.

போர் வேலை ஒழுங்காகவே முடிந்தது. புகைவண்டி அதோடு நிறுத்தியிருக்கலாம். போனில் ரேஸ்காரர்களின் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். டூ-ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் ஜன்னல்கள் இருக்கும். பெட்ரோல் காற்று உள்ளே வர ஒன்று, புகை வெளியே போக ஒன்று. அந்த ஜன்னல்களை அரத்தால் ராவி உருவம் மாற்றுவதற்குப் பெயர் போர்ட்டிங். புகை ஜன்னலை உயர்த்தினால் வண்டி பறக்கும் என்று எவனோ வீடியோவில் சொல்லியிருக்கிறான். வாசற்படியில் உட்கார்ந்து நாள்கணக்கில் ராவினார். அக்கா அரிசியில் கல் பொறுக்கியபடி மேற்பார்வை பார்த்தார்.

"எவ்வளவு பெரிசாத்தான்யா தோண்டுவே? ஆளு குடியேறப் போகுதா?"

வண்டி பறக்கும் என்று வீடியோக்காரன் சொன்னது பொய்யில்லை. ஆனால் புகை ஜன்னலை உயர்த்தினால் வேகத்தில்தான் பலம் கூடும். மெதுவாகப் போகும்போது இருந்த பலமும் போய்விடும் என்பதை அவன் சொல்லவில்லையோ, இவர் கேட்கவில்லையோ தெரியாது. நல்லவேளை, முதலில் தனியாக ஓட்டிப் பார்த்தார். பள்ளத்தில் வண்டி தூங்கியது. திருகினார், முனகியது. இன்னும் திருகினார், திடீரென்று பேய் பிடித்தது போல முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. மேட்டின் உச்சியில்கூட நிற்கவில்லை. நேராகக் கொட்டகைக்குள் புகுந்தது. பெண்கள் தூக்குவாளியோடு நாலாபுறமும் சிதறினார்கள். எடைத் தராசு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். புகைவண்டி, விருந்தினர்களுக்குத் தினமும் காட்டித் தேர்ந்த அதே பாணியில் பக்கவாட்டில் உருண்டு, கொழுந்துக் குவியலுக்குள் மறைந்தார்.

சூப்பர்வைசர் தலையில் கை வைத்தார். "எண்டே தெய்வமே! கொழுந்து முழுக்க ஓயில் மணக்குது! இனி ஃபாக்டரியில நான் எந்து சொல்லும்?"

குவியலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "மசாலா டீன்னு சொல்லுங்க சார்."

கொட்டகை குலுங்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பள்ளத்துக்குக் கேட்டிருக்கிறது. நான் சாயங்காலம் போய்ப் பார்த்தபோது புகைவண்டி முழங்கையில் மஞ்சள் பற்றோடு உட்கார்ந்திருந்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படியில் இருந்தார்.

"அண்ணன் பொழைச்சுட்டாருங்கல்லக்கா, கோவத்த விடுங்க" என்றேன்.

"விழுந்ததுக்கு யாரு கோவப்பட்டா?" அக்கா அடுப்பிலிருந்து திரும்பினார். "எம் புருசன் கொழுந்துல விழுந்ததை ஊரே பாத்துச்சு. அத்தனை பேரும் பாத்துச் சிரிச்சாளுக. நான் மட்டும் இங்க உக்காந்து சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

கிளம்பும்போது புகைவண்டி வாசல் வரை வந்தார்.

"ரேஸ்காரன் பேச்சைக் கேட்டுட்டேன் பாலக்காடு. அவனுக்கு முன்னால போகணும். எனக்கு மேல போகணும். அம்புட்டுத்தான்."

ராவிய இரும்பை ஒட்டவைக்க முடியாது. மறுபடி போடி, மறுபடி அதே சேலைத் துணி. சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புது இரும்பு உறையை இறக்கி, பெரிய பிஸ்டனுக்குத் தகுந்தபடி கடைந்து வாங்கினார். இந்த முறை ஜன்னல்களின் உயரத்தைத் தொடவே இல்லை. விளிம்பில் இருந்த பிசிறுகளை மட்டும் எடுத்து, காற்று தடங்கலில்லாமல் வர வழியை வழவழப்பாக்கினார். வேகம் குறைந்து இழுவை கூட, பின் சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் போட்டார். உலகத்தில் எல்லாரும் வேகமாகப் போவதற்கு இன்ஜினை ராவுவார்கள். நடக்கிற வேகத்தில் போவதற்கென்று ராவியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காலை வெட்டி, கம்பியால் இறுக்கிக் கட்டினார். அக்காவால் முழங்காலை மடக்க முடியாதே, நீட்டி உட்காரட்டும் என்று அதைப் பின்பக்கம் பார்த்து வைத்தார்.

மறுபடி லயம் கூடியது. அக்கா நல்ல சேலை கட்டி, நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வண்டி உறுமவில்லை, அடித்தொண்டையில் முணுமுணுத்தபடி ஏறியது. போன முறை நின்ற இடம் வந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்தோம். புகைவண்டி கண்ணை மூடிக்கொண்டார். வண்டி நிற்காமல் ஏறியது.

பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த அக்கா, தொடர்ந்து நடந்து வந்த பெண்களிடம் பாதி வழியிலேயே விசாரணையைத் தொடங்கிவிட்டார். கொட்டகையில் இறக்கிவிட்டபோது, "தள்ளி உக்காருங்கடி" என்று சொல்லிக்கொண்டே நடுவில் போய் அமர்ந்தார்.

புகைவண்டி உடனே இன்ஜினை அணைத்தார். சூடான டூ-ஸ்ட்ரோக்கை அணைத்தால் மறுபடி உதைத்துக் கிளப்புவதற்குள் கால் கழன்றுவிடும் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

"ஏனுங்கண்ணா, ஓடட்டும்னு விட்டிருக்கலாமுங்களே?" என்றேன்.

அவர் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"அவ சிரிக்கிறது கேக்கணும்ல."