முள்ளம்பன்றி தொலைந்துபோகப் பழகிய கதை

ஒரு காட்டில் எல்லாருக்கும் எல்லா வழியும் தெரிந்திருந்தது. அது பெரிய குறை என்று நரி வந்து சொல்லும்வரை அங்கே யாருக்கும் தெரியாது.

நரியின் பெயர் வரதப்பன். அடிவாரத்து டவுனுக்கு அடிக்கடி போய்வரும். போகும்போது நரியாகப் போகும், திரும்பும்போது நிபுணராகத் திரும்பும். அந்த வருஷம் மார்கழிப் பனியில், கழுத்தில் மஃப்ளரும் தலையில் குரங்குக் குல்லாவுமாக வந்து நின்றது. குல்லாவின் பெயரைக் கேட்டு மந்திகளுக்கு வந்த கோபம் தனிக்கதை, அதை விடுங்கள்.

"டவுன்காரங்க குளிர்காலத்துல என்ன பண்றாங்க தெரியுமா? கையில வரைபடத்தை வெச்சுக்கிட்டு மலையில ஓடறாங்க. அங்கங்கே கொடி கட்டி ஒளிச்சிருக்கும். ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சு, கடைசி இடத்தைப் போய்த் தொடணும். வழிதேடும் போட்டின்னு பேரு. நாமளும் நடத்தறோம்" என்றது நரி.

"எதுக்கு?" என்று கேட்டது முயல்.

"நாம மட்டும் நடத்தாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

இந்தக் கேள்விக்கு எந்தக் காட்டிலும் பதில் கிடையாது. உடனே விழாக்குழு அமைந்தது. தலைவர் காட்டெருமை, அவருக்குப் பேச வராது, தலையாட்ட வரும். நடுவர் ஆந்தை, பகலில் கண் கொஞ்சம் மந்தம், ஆனால் கழுத்து எல்லாப் பக்கமும் திரும்பும். வரைபடம் போடுகிற பொறுப்பு பருந்துக்கு.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அந்தக் குளிரில் பருந்து கீழே இறங்கி வருமா? உயரத்திலேயே ஒரு சுற்று சுற்றிவிட்டு வரைந்து கொடுத்துவிட்டது. மேலே இருந்து பார்த்தால் மரத்தின் தலை தெரியும், பாறையின் முதுகு தெரியும். பாறைக்கு அடியில் யார் குடித்தனம் பண்ணுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? தெற்குச் சரிவிலிருந்த ஒரு பெரிய பாறையின் மேல் 'காலி இடம்' என்று எழுதிவிட்டது.

அந்தப் பாறைக்கு அடியில்தான் முள்ளம்பன்றி சடையாண்டியும் அவன் மனைவி பொன்னுருவியும் இருந்தார்கள். காடு முழுக்க உறைபனி விழுந்தாலும் அந்தக் குகைக்குள் மட்டும் கதகதப்பாக இருக்கும். அவர்களுக்குப் பிறந்து சில நாளே ஆன இரண்டு குட்டிகள். முள் இன்னும் முற்றவில்லை, பஞ்சு மாதிரி இருந்தது. ஒரு ராத்திரி வெளியே கிடந்தால் இரண்டும் பிழைக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

கூட்டத்தில் நரி அறிவித்தது. "இந்தக் காலி இடம்தான் கடைசி இடம். யார் முதல்ல தொடறாங்களோ, அவங்களுக்கு இந்தக் குளிர்காலம் முழுக்க அந்த இடமே பரிசு!"

எல்லாரும் கை தட்டினார்கள். சடையாண்டிக்கு முள்ளெல்லாம் குத்திட்டு நின்றது.

"ஐயா, அது என் வீடுங்க."

நரி வரைபடத்தை விரித்துப் பிடித்தது. "எங்கே இருக்கு உன் வீடு? இதுல காட்டு பார்ப்போம்."

"இதுல எப்படிங்க காட்டறது? நேர்ல வந்து பாருங்க. புள்ளைங்க உள்ள தூங்குதுங்க."

"இந்தப் பனியில எவன் அவ்வளவு தூரம் வர்றது? நீயும் கலந்துக்கோ. ஜெயிச்சா உனக்கு. நாங்க யாரையும் தடுக்கலையே!"

தலைவர் தலையாட்டினார். அதோடு கூட்டம் கலைந்தது.

போட்டிக்கு முன்னால் ஓர் ஒத்திகை வைத்தார்கள். நரி டீயை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் எல்லா மிருகங்களும் எல்லாக் கொடிகளையும் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டன. ஒருத்தரும் வரைபடத்தைப் பிரிக்கவே இல்லை. காட்டுப்பன்றி அதைத் தின்றே விட்டது.

நரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இது என்ன போட்டியா, பக்கத்துத் தெருவுல பால் வாங்கிட்டு வர்றதா? வழி தெரிஞ்சவங்க வழி தேடறது மோசடி! புது விதி போடறேன். தயங்காம நடந்தா அவுட். மோப்பம் பிடிச்சா அவுட். எந்த இடத்தையாவது தெரிஞ்ச மாதிரி மூஞ்சி வெச்சாலும் அவுட்!"

கையோடு ஒரு வெளியூர் போட்டியாளரையும் இறக்கியது. ஜிம்மி என்று ஒரு டவுன் சடைநாய். உடம்புக்கு ஸ்வெட்டர், கழுத்தில் வழி சொல்லும் மெஷின். "சாருக்கு இந்தக் காட்டுல ஒண்ணுமே தெரியாது. முழுத் தகுதியும் இவருக்குத்தான் இருக்கு" என்று நரி பெருமையாக அறிமுகம் செய்தது. ஜிம்மி வீட்டுப் பின்வாசலில் நரிக்குக் கோழி எலும்பு தவறாமல் கிடைத்துவந்தது. எனக்கென்ன, காதில் விழுந்ததைச் சொல்லிவைக்கிறேன்.

அன்றைக்குச் சடையாண்டி வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"கண்ணைக் கட்டி விட்டாலும் நம்ம வீட்டுக்கு வந்துடுவேனே, பொன்னு! அதான் இப்ப குத்தமாம்."

"அப்ப தொலைஞ்சு போங்க" என்றாள் பொன்னுருவி.

"என்னடி இப்படிச் சொல்ற?"

"நெசமாத்தான். வழி தெரியாதவர் மாதிரி முழிங்க."

"பிறந்ததுலருந்து இங்கேயே இருக்கேன். எனக்கு எப்படி முழிக்க வரும்?"

"ஏன் வராது? எங்கம்மா வீட்டுக்குப் போகலாம்னு சொன்னா மட்டும் வழியே மறந்துபோகுதே, அந்த மூஞ்சியைக் கொண்டு வாங்க. அதைப் பார்த்தா எந்த ஆந்தையும் நம்பிடும்."

பெண்டாட்டி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

போட்டி நாள் விடிந்தது. புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. தலைவர் தலையாட்ட, எல்லாரும் கிளம்பினார்கள். ஆந்தை மரம்விட்டு மரம் தாவி வேவு பார்த்தது.

முயல் பழக்கதோஷத்தில் நேராக ஓடியது, அவுட். காட்டுப்பன்றி குனிந்து ஒரே ஒரு தடவை மூச்சை இழுத்தது, அவுட். மந்தி பாவம், வழியில் எதிர்ப்பட்ட சொந்தக்காரரைப் பார்த்து "என்ன சித்தப்பா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டது. "ஆள் தெரியுது, அப்ப இடமும் தெரியுது" என்று ஆந்தை அதையும் தூக்கிவிட்டது.

ஜிம்மிதான் பிரமாதமாக ஓடியது. மெஷின் "இடதுபுறம் திரும்பவும்" என்றால் இடதுபக்கம் முள் புதராக இருந்தாலும் திரும்பியது. கடைசியில் தாழத் தொங்கிய ஒரு தேன்கூட்டில் தலை மோதி நின்றபோது, "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டு மெஷின் குளிரில் விறைத்து அணைந்துபோனது. அடுத்து நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜிம்மி அலறிக்கொண்டு ஓடிய வேகத்தில் டவுன் பஸ் ஸ்டாண்டில்தான் நின்றதாகக் கேள்வி.

மிச்சம் சடையாண்டி ஒருவன். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டான். மாமியார் வீட்டுக்குக் கிளம்பும் மூஞ்சியை வைத்துக்கொண்டான். மூன்றடி போய் இரண்டடி திரும்பினான். தினம் தண்ணீர் குடிக்கிற ஓடையைப் பார்த்து, "அடேயப்பா, இங்க ஓடைகூட இருக்கா!" என்று வாயைப் பிளந்தான். ஆந்தைக்கே பரிதாபமாகப் போய்விட்டது.

ஒருவழியாகக் கொடிகளையெல்லாம் தொட்டுவிட்டுத் தன் வீட்டு வாசலுக்கு வந்தான். ஆந்தை எதிர்மரத்தில் உட்கார்ந்து கழுத்தை நீட்டியது. நரியும் தலைவரும் வந்து சேர்ந்தார்கள். பொன்னுருவி வெளியே எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, இங்க காலி இடம்னு ஒண்ணு இருக்காமே, எந்தப் பக்கம்?" என்று கேட்டான் சடையாண்டி.

"தெரியலீங்களே. நீங்க எந்த ஊரு?" என்றாள் பொன்னுருவி.

அந்த நேரம் பார்த்து இரண்டு குட்டிகளும் உள்ளேயிருந்து உருண்டு வந்தன. "அப்பா!" என்று அவன் காலைக் கட்டிக்கொண்டன.

ஆந்தையின் கழுத்து சட்டென்று நின்றது. நரியின் கண் இடுங்கியது. சடையாண்டிக்கு உயிரே போய்விட்டது. குட்டிகளை வாரி எடுக்கக் கை துடித்தது, எடுக்கவில்லை.

பொன்னுருவி அசரவில்லை. "குளிர் அப்படிங்க. யாரைப் பார்த்தாலும் அப்பாங்குதுங்க. நேத்து ஒரு கரடியை அப்பான்னு கூப்பிட்டுச்சுங்க."

சடையாண்டி குட்டிகளை மெதுவாக விலக்கிவிட்டு, "யார் வீட்டுப் புள்ளைங்களோ" என்றான். சொல்லிவிட்டு, கால் தடுக்கியவன்போலப் பாறைமேல் விழுந்தான். பாறையைத் தொட்டாகிவிட்டது.

"வென்றவர் சடையாண்டி!" என்று ஆந்தை கத்தியது. வேறு யாரும் மிச்சமில்லை, கத்தாமல் என்ன செய்யும்? தலைவர் மாலை போட்டார். எலும்பு போன துக்கத்தை விழுங்கிக்கொண்டு, நரி ஒரு சொற்பொழிவே ஆற்றியது. "பாருங்க, வீடில்லாத ஒருத்தருக்கு நம்ம விழாக்குழு இன்னைக்கு வீடு கொடுத்திருக்கு!"

கைதட்டல் ஓய்ந்ததும் நரியே சடையாண்டியின் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப் போனது. "பார்த்து வா, இங்கே தலை இடிக்கும். இது படுக்கிற இடம். காத்து உள்ளே வராது. உனக்குப் பிடிச்சிருக்கா?"

"ரொம்பப் பிடிச்சிருக்குங்க" என்றான் சடையாண்டி. "உங்க புண்ணியத்துல இப்படி ஒரு வீடு அமைஞ்சுதே."

"இந்த அம்மாவும் குட்டிங்களும்?" என்று இழுத்தது நரி.

"இருந்துட்டுப் போகட்டுங்க" என்றான் சடையாண்டி பெருந்தன்மையாக. "எனக்கும் பேச்சுத்துணைக்கு ஆள் வேணுமே."

நீதி: உங்கள் வீட்டை உங்களுக்கே பரிசாகக் கொடுக்க ஒருவர் வந்தால், கதவு எந்தப் பக்கம் என்று அவரிடம் மறக்காமல் கேளுங்கள்.