வாசலுக்கு இலந்தையா, முருக்கா?

இம்பாலி
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய அத்தை மாங்குபானே அவர்களுக்கு,

ஸோண்டி வீட்டு மருமகள் லுங்கிலே தலைகுனிந்து எழுதுவது. உங்கள் மகன் முஸாவும் பேரன் லுவாசியும் நானும் நலம். நீங்களும், பழுப்புப் பசுவும், அது போட்ட கன்றும், கூரையில் ஒழுகும் அந்த மூலையும் நலமா என்று அறிய ஆவல். நொங்கோமாவில் மழை உண்டா? இங்கே இல்லை. லுவாசிக்கு எட்டாவது பல் வந்துவிட்டது. பதின்மூன்று மாதத்தில் எட்டுப் பல் சரிதானா, கொஞ்சம் அதிகமா என்பதை மறக்காமல் தெரிவிக்கவும்.

நாளைக் காலை முதல் டாக்ஸியில் வரும் முஸாவின் சித்தப்பா மகன் இந்தக் கடிதத்தை உங்கள் கையில் தருவார். அதற்குள் யாராவது சோகமான முகத்தோடு உங்கள் வாசலில் வந்து நின்றால் தயவுசெய்து பயப்பட வேண்டாம். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நீங்கள் காலமாகிவிட்டீர்கள் என்று எங்கள் தெருவே நம்பியது. நானும் நம்பினேன். மன்னிக்கவும். எல்லாம் அந்த மரத்தால் வந்தது.

ஈஸ்டருக்கு வந்திருந்தபோது புது வீட்டு வாசலைப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது நினைவிருக்கும். "இங்க ஒரு இலந்தை வை. இலந்தை இல்லாத வீட்டுல ஒருத்தர் வெளியூர்ல கண்ணை மூடிட்டா, எந்தக் கிளையைப் பிடிச்சு ஆவியை வீட்டுக்குக் கூட்டிட்டு வருவீங்க?" என்றீர்கள். நான் உங்கள் முன்னால் வாயே திறக்கவில்லை. அடுக்களையில் முஸாவிடம் மட்டும், 'எனக்கு முருக்க மரம்தான் பிடிக்கும்' என்று சொன்னேன். அவர் அதை நேராகக் கொண்டுபோய் உங்களிடம் கொடுத்தார். அன்றிலிருந்து ஐந்து மாதமாக நீங்களும் நானும் மழையைத் தவிர வேறெதையும் பேசவில்லை. எனவே நேரடியாகவே கேட்டுவிடுகிறேன் அத்தை: வாசலில் முருக்கு நட எனக்கு அனுமதி வேண்டும்.

நான் வீம்புக்குக் கேட்கவில்லை. கல்லூரியில் கற்றுக்கொண்டபடி ஒரு தாளின் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் உங்கள் மரம், அந்தப் பக்கம் என் மரம் என்று ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன். இலந்தையின் இலை பளபளவென்று அழகாக இருக்கிறது, நிழல் உண்டு, பழத்துக்குப் பறவை வரும், தண்ணீர் அதிகம் கேட்காது, இதெல்லாம் உண்மை, ஆனால் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு முள், ஒன்று நேராகக் குத்தும், அதிலிருந்து கையை இழுத்தால் இன்னொன்று கொக்கி மாதிரி பிடித்துக்கொள்ளும், அந்தக் கணுக்கள் எல்லாம் சரியாக லுவாசியின் கண் உயரத்தில் இருக்கின்றன, நான் அளந்து பார்த்தேன். முருக்கு என்றால் இலை வருவதற்கு முன்பே ஆகஸ்டில் மரம் முழுக்கச் சிவப்பாகப் பூக்கும், தேன்சிட்டு வரும், ஒரு கிளையை வெட்டி ஊன்றினால் போதும் பிடித்துக்கொள்ளும். அதன் அடிமரத்திலும் முள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். விதையில் விஷம் உண்டு என்பதையும், கோட்டின் அந்தப் பக்கத்தில், சிறிய எழுத்தில், எழுதித்தான் இருந்தேன். ஆனால் அது விதை போட வருஷமாகும், அதற்குள் அவனுக்கு அறிவு வந்துவிடும், இலந்தையோ பிறக்கும்போதே முள்ளோடு பிறக்கிறது. லுவாசி போன வாரம் என் வீட்டுச் சாவியையும் ஒரு எறும்பையும் வாயில் போட்டான். நான் எப்படித் தூங்குவது சொல்லுங்கள்?

சனிக்கிழமை முஸா நாற்றுப் பண்ணைக்குக் கிளம்பினார். "எதை வாங்கணும்னு உங்களுக்கே தெரியும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவர் வாங்கிக்கொண்டு, பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து போகும் டாக்ஸியில் ஏறியது இலந்தை. வேரைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்ததால், பார்க்கிறவர்களுக்குக் கிளை மட்டும்தான் தெரிந்திருக்கிறது. இலந்தைக் கிளையோடு ஒரு ஆள் டாக்ஸியில் ஏறினால் நம் ஜனம் என்ன நினைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுநர் உடனே பாட்டை நிறுத்திவிட்டாராம். முன்சீட்டில் இருந்த பெரியவர் எழுந்து இடம் கொடுத்தாராம். இவர், "இல்லைங்க, இது வந்து..." என்று ஆரம்பித்ததும் பின்னாலிருந்து ஒரு அம்மா, "ஷ்ஷ்! எங்ககிட்ட பேசாதப்பா. நீ அவங்ககிட்ட மட்டும் பேசு. எங்க போறோம்னு வழி சொல்லிட்டே வா" என்று அடக்கிவிட்டாராம். இரண்டு இருக்கைக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு, பக்கத்து இருக்கையை ஆவிக்கென்று காலியாக விட்டார்களாம். உங்கள் மகனின் கூச்சம் உங்களுக்குத் தெரியும். ஐந்து பேர் பார்க்கும்போது தும்மக்கூட மாட்டார். 'ஐயோ, இப்ப என்ன பண்றது' என்று அவர் தனக்குள் முணுமுணுத்ததைக் கேட்டு, ஆவியோடுதான் பேசுகிறார் என்று இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம்.

அதே வண்டியில் எங்கள் பக்கத்து வீட்டு மாசெலே அக்கா இருந்தது நம் கெட்ட காலம். ஒருநாளும் தெருவுக்குள் வராத டாக்ஸி அன்று எங்கள் வாசல்வரை வந்து நின்றது. முதலில் மாசெலே அக்கா இறங்கினார். நான் லுவாசியின் வாயிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும், "அடியே மகளே, மனசைத் தேத்திக்கோ" என்றார். அவருக்குப் பின்னால் முஸா, கையில் இலந்தை, முதுகில் டாக்ஸி முழுக்க இருந்தவர்களின் பார்வை. அவருக்கென்று வெளியூரில் இருப்பது நீங்கள் ஒருவர்தானே? உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. நீங்கள் எப்போதுமே எடுப்பதில்லை என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து கத்திவிட்டேன். என் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, என் பிறந்த வீட்டிலிருந்து செய்தி வந்திருக்கிறது என்று முஸா நினைத்துக்கொண்டு, மரத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் அழுதார். ஒருவர் அழுவதைப் பார்த்து மற்றவருக்கு நிச்சயமாகிவிட்டது.

அரைமணி நேரத்தில் சோபா வெளியே போய்விட்டது, தொலைக்காட்சிக்குப் போர்வை போர்த்தியாகிவிட்டது, எங்கள் மெத்தை கூடத்துக்கு வந்து அதன்மேல் நான் உட்காரவைக்கப்பட்டேன். சபையிலிருந்து சிவப்பு மேலாடைப் பெண்கள் பாடிக்கொண்டே வந்தார்கள். யாரோ முட்டைக்கோஸ் நறுக்கினார்கள், யாரோ ஒரு வாளி நிறைய ஸ்கோன் ரொட்டி கொண்டுவந்தார்கள், லுவாசி அதில் நான்கைத் தின்றான். அப்போது அத்தை, இத்தனை பேர் நடுவில், நான் சத்தமாக, "ஒரு மரம்தானே கேட்டாங்க! அதைக்கூட வைக்கலையே! வைக்கிறேன் அத்தை, உங்க இலந்தையை நானே வைக்கிறேன்!" என்று சொல்லி அழுதுவிட்டேன். மாசெலே அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டே, "மாமியாருக்கா இந்த அழுகை? எனக்கு மூணு மருமகளுங்க. ஒருத்திகூட கண்ணுல தண்ணி விடமாட்டாளுங்க" என்று அவர் பங்குக்கு அழ ஆரம்பித்தார்.

மூன்றாவது பாட்டு முடிந்து ஜெபத்துக்கு முன்னால் ஒரு அமைதி வந்தது. அப்போதுதான் முஸா என் காதில் கேட்டார்: "லுங்கிலே, யாரு செத்தது?"

நான் சொன்னேன். "எங்க அம்மாவா? நேத்துதான் பேசுனாங்களே!" என்று அவர் கூவியது அந்த அமைதியில் வாசல்வரை கேட்டது. அதற்குப்பின் நடந்ததை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. யாரும் எழுந்து போகவில்லை. "ஆள் சாகலைன்னு சோத்தை வீணாக்க முடியுமா?" என்று மாசெலே அக்கா சொல்ல, எல்லோரும் சாப்பிட்டு, உங்கள் நீண்ட ஆயுளுக்கு ஜெபித்துவிட்டுத்தான் போனார்கள். போகும்போது அவர் இன்னொன்றையும் என் தலையில் போட்டுவிட்டுப் போனார்: "எல்லாம் சரி. அந்தப் பக்கத்து இருக்கைக்குக் காசு வாங்கியாச்சு. அப்ப அதுல உக்காந்து வந்தது யாரு?" அன்றிலிருந்து கூடத்தில் விளக்கை அணைக்கவே மனம் வரவில்லை. படித்தவள்தான், இருந்தாலும்.

முஸா ஏதோ சொல்ல வந்தார். "இன்னும் ஒரு வார்த்தை பேசினீங்கன்னா இலந்தையோட சேர்த்து உங்களையும் பண்ணையில திருப்பிக் குடுத்துடுவேன்" என்றேன். மூன்று நாளாக அவர் பேசவில்லை. வியாழக்கிழமை மரத்தைத் திருப்பிக் கொடுப்பதாக இருக்கிறேன்.

ஆனால் நான் கொடுத்த வாக்கு? இருபது பேர் கேட்டிருக்கிறார்கள். இதுபற்றி நிறைய யோசித்தேன். இறந்துபோன ஒருவருக்குக் கொடுத்த வாக்கு அது. நீங்கள் இறக்கவில்லை. ஆகவே வாக்கைப் பெற்றுக்கொள்ள ஆளே இல்லை, அது தானாகவே தள்ளுபடியாகிவிடுகிறது என்பது என் வாதம். நீங்கள் உயிரோடிருப்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பதை இந்த வாதத்தை வைத்து அளக்க வேண்டாம். உங்களுக்காக நான் அழுதது முழுவதும் நிஜம், அதில் ஒரு சொட்டுகூடத் திரும்பக் கேட்கமாட்டேன். மரத்தை மட்டும் விட்டுக்கொடுங்கள்.

ஸோண்டி வீட்டுப் பெரியவர்கள், மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும், எங்களைப் பார்த்துக்கொள்ளட்டும். கன்றுக்குட்டிக்கு லுவாசியின் அன்பு. உங்கள் நடையில் தடுக்கல் இல்லாமல், உங்கள் அடுப்பில் புகை இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மருமகள்
லுங்கிலே

பின்குறிப்பு: புதன் காலை. டாக்ஸி தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது, வேகமாக எழுதுகிறேன். மேலே உள்ள எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். நேற்றிரவு உறையை ஒட்டப் போகும்போது முஸா, "இப்பவாவது பேசலாமா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை நீங்கள் சிக்னலுக்காகக் குன்றுமேல் ஏறிப் போன் பண்ணி, "அவ கேட்ட முருக்கையே வாங்கிக் குடுடா. ராத்திரி எழுந்து எழுந்து பிள்ளையைப் பார்க்கிறவ அவ. நான் இல்லை" என்று சொன்னீர்களாமே! பண்ணையில் முருக்கு விற்றுத் தீர்ந்துவிட்டதாம், வெறுங்கையோடு வர பயந்து இலந்தையை வாங்கி வந்தாராம். அந்தக் குன்றை எனக்குத் தெரியும் அத்தை, பாதியில் உட்காராமல் நானே ஏறியதில்லை. இப்படிச் சொன்ன பிறகு நான் எப்படி முருக்கு நடுவேன்? விடிந்ததும் முஸா குழி வெட்டினார், இலந்தையை நான்தான் நட்டேன். சுற்றிலும் இரட்டை வேலி போட்டிருக்கிறோம், லுவாசி அதை இப்போதே ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முள் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி: முதல் கீறல் எனக்கு, வலது கையில், நீளமாக. நீங்களே வந்து பாருங்கள். எப்போது வருகிறீர்கள்?